1950-களின் வடசென்னையில் ஆண்களும் பெண்களும் பார்த்த வேலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள் தங்கள் தாத்தா பாட்டியின் பிழைப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் அந்தத் தெருக்களில் வளர்ந்தவன். என் தாத்தா மில் தொழிலாளி. பாட்டி என்ன வேலை பார்த்தார் என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் நீண்ட நாள் விடை இல்லை. நான் இந்த விஷயத்தைத் தேட ஆரம்பித்ததே அதனால்தான்.

ஏன் வடசென்னை? ஏன் 1950-கள்?

பஞ்சாலை, ரயில்வே பட்டறை, துறைமுகம் மூன்றும் நடந்து போகும் தூரத்தில் அமைந்த பகுதி அது. 1941-ல் சுமார் 7.8 லட்சமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டியது. 1946-ல் நகர எல்லை விரிந்தது ஒரு காரணம். பிழைப்புத் தேடி வந்தவர்களின் கூட்டம் இன்னொரு காரணம். செங்கல்பட்டு, வட ஆற்காடு, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனங்களிலும் குடிசைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. ஒரே வீட்டில் கணவன், மனைவி, மாமியார், பெரிய மகன் என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சம்பாதித்த காலம். ஆனால் பதிவேட்டில் பெரும்பாலும் ஒருவருடைய தொழில்தான் ஏறியது.

ஆண்கள் பெரும்பாலும் எங்கே வேலை பார்த்தார்கள்?

முதலில் பின்னி மில். பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தொடங்கி 1920-ல் ஒரே நிறுவனமாக இணைந்தவை. இந்த மில்லின் காக்கித் துணி பெயர் பெற்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். ஆலைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் தெருவே அடுப்பு மூட்டியது. நிரந்தர வேலை கிடைப்பதற்கு முன் பலர் பதிலியாக இருந்தார்கள். யாராவது வராமல் போனால் அன்றைக்கு மட்டும் அந்த இடத்தில் வேலை, இல்லையென்றால் கதவிலிருந்து திரும்ப வேண்டியதுதான். தாத்தா மில்லில் இருந்தார் என்று கேள்விப்பட்டால், எத்தனை வருடம் பதிலி, எந்த வருடம் நிரந்தரம் என்றும் சேர்த்து விசாரியுங்கள். வீட்டின் நிலைமையே அந்த ஒரு வருடத்தில் மாறியிருக்கும்.

அடுத்தது ரயில்வே. பெரம்பூரில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் ஏற்கெனவே இருந்தன. 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே உருவானது. 1955 அக்டோபர் 2 அன்று இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். ஃபிட்டர், டர்னர், வெல்டர், கொல்லர், தச்சர் என்று கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு அங்கே வழி திறந்தது. ரயில்வே வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள்.

துறைமுகம் அப்படி இல்லை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. ஆள் எடுப்பது மேஸ்திரியின் கையில் இருந்தது. துறைமுகத் தொழிலாளரைப் பதிவுசெய்து முறையாக வேலை ஒதுக்க வழிசெய்யும் சட்டம் 1948-ல்தான் வந்தது.

இவை போக கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்குபவர், கை ரிக்ஷா இழுப்பவர், ஜட்கா ஓட்டுபவர், விறகுத் தொட்டிக்காரர், தையல்காரர், முடி திருத்துபவர், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் என்று பட்டியல் நீளும்.

அவ்வளவு பெரிய பஞ்சாலைகள் இருந்தும் பெண்களுக்கு ஆலை வேலை ஏன் அதிகம் கிடைக்கவில்லை?

பெண்களுக்குத் திறமை இல்லை என்பது காரணமல்ல. நூல் சுற்றுவதும் பாவு போடுவதும் நெசவாளர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்துவந்த வேலைகள்தான்.

காரணத்தின் ஒரு பகுதி சட்டத்தில் இருக்கிறது. 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே பெண்களை வேலைக்கு வைக்க அனுமதித்தது. மாநில அரசு அந்த நேரத்தைத் தளர்த்தலாம், ஆனாலும் இரவு 10 முதல் காலை 5 வரை கூடவே கூடாது. 50-க்கு மேற்பட்ட பெண்கள் இருந்தால் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் மகப்பேற்று உதவிச் சட்டம் 1934-லேயே வந்துவிட்டது. எல்லாம் நல்ல நோக்கத்தில் எழுந்தவை, நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் இரவும் பகலும் ஷிப்ட் ஓட்டும் முதலாளி ஒரே தறிக்கு ஆணை எடுத்தால் எந்த ஷிப்டிலும் போடலாம், பெண்ணை எடுத்தால் செலவு கூடும் என்று கணக்குப் போட்டார். பெண்களைக் காக்க வந்த சட்டங்கள் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தவும் பயன்பட்டன.

இன்னொரு பகுதி தொழிற்சங்கத்தில் இருக்கிறது. 1918 ஏப்ரலில் வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் சேர்ந்து கட்டிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. எங்கள் பக்கத்துக்கு அதில் பெருமை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றுபவர் ஆண், அவருக்குக் குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் வேண்டும் என்பதுதான் அந்தக் காலத் தொழிற்சங்கங்களின் பொதுவான வாதம். அந்த வாதத்துக்குள் பெண்ணின் சம்பளத்துக்கு இடம் கிடையாது.

“என் பாட்டி வேலைக்கே போனதில்லை” என்று வீட்டில் சொல்கிறார்கள். நம்பலாமா?

வீட்டை விட்டு ஒரு முதலாளியிடம் போய்ச் சம்பளம் வாங்கவில்லை என்ற அளவில் நம்பலாம். சம்பாதிக்கவே இல்லை என்றால், தயவுசெய்து இன்னும் ஒருமுறை விசாரியுங்கள்.

என் தந்தையின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தேன். ‘தகப்பனார் தொழில்’ என்ற கட்டத்தில் ‘மில் கூலி’ என்று எழுதியிருக்கிறது. தாயாரின் தொழிலுக்குக் கட்டமே இல்லை. ஆனால் அந்தப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை பாட்டி ஆப்பம் சுட்டு விற்ற காசில் வாங்கியது. விடிவதற்கு முன் சந்து முனையில் இரண்டு அடுப்பு, ஒன்றில் ஆப்பச் சட்டி, ஒன்றில் இட்லிப் பானை. முதல் ஷிப்டுக்குப் போகும் ஆட்கள்தான் வாடிக்கை. கடன் சொல்லிச் சாப்பிட்டவர்களின் கணக்கைச் சுவரில் கரிக்கோடு கிழித்து வைத்திருப்பார். சங்கு ஊதி ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். கணவர் ஷிப்ட் முடிந்து வரும்போது வியாபாரத்தின் தடமே இருக்காது. அதனால்தான் அதை யாரும் வேலை என்று சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதே மாதிரி ஒளிந்திருக்கும் வேலைகள் பல. வீடு வீடாகச் சாப்பாட்டு கேரியர்களை வாங்கிக் கூடையில் அடுக்கிப் பள்ளிக்கும் ஆபீசுக்கும் சுமந்த சாப்பாட்டுக் கூடைக்காரிகள். அப்பளம் இட்டவர்கள், மாவு இடித்தவர்கள், வறட்டி தட்டியவர்கள், பூ கட்டியவர்கள். மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றியவர்கள். சீட்டு நடத்தியவர்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள். பத்துப் பாத்திரம் தேய்க்கப் போனவர்களைப் பற்றித்தான் குடும்பங்கள் அதிகம் மௌனம் சாதிக்கின்றன. பேரப்பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்த பிறகு அது சொல்லக் கூடாத செய்தியாகிவிட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதெல்லாம் ஏறியிருக்குமே?

ஓரளவுக்கு. 1951 கணக்கெடுப்பு மக்களை மூன்றாகப் பிரித்தது. தன் பிழைப்புக்குப் போதுமான வருமானம் உள்ளவர் சுயமாகப் பிழைப்பவர். சம்பாதித்தும் அது போதாமல் இருந்தால் சம்பாதிக்கும் சார்ந்திருப்பவர். சம்பாத்தியமே இல்லையென்றால் வருமானமற்ற சார்ந்திருப்பவர். ஆப்பக்கடைப் பாட்டி இரண்டாவது வகையில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது பதில் சொன்னது பெரும்பாலும் வீட்டு ஆண். “அவள் வீட்டில்தான் இருக்கிறாள்” என்று அவர் சொன்னால் பேனா மூன்றாவது வகைக்குப் போய்விடும்.

1961-ல் முறை மாறியது. வருமானத்தை விட்டுவிட்டு வேலையைக் கேட்டார்கள். நிலையான வேலையென்றால் முந்தைய 15 நாளில் ஒரு நாளாவது செய்திருந்தால் போதும். வீட்டுத் தொழிலுக்குத் தனி வகையே ஏற்படுத்தினார்கள். பிறகு 1971-ல் ‘முக்கியமான நடவடிக்கை எது’ என்று கேள்வி மாறியதும் சமையலும் பிள்ளை வளர்ப்பும் முன்னுக்கு வந்து, நாடு முழுவதும் உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை சரிந்ததுபோல அட்டவணை காட்டியது. அத்தனை பெண்களும் பத்து வருடத்தில் வேலையை விட்டுவிடவில்லை, கேள்விதான் மாறியது. 1951, 1961, 1971 அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதை மறந்தால் தவறான முடிவுக்குப் போவார்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக்குரிய கணக்கெடுப்புத் தாளைப் பார்க்க முடியாது. தனிநபர் விவரங்கள் ரகசியம் என்று 1948-ஆம் வருடத்துச் சட்டமே சொல்கிறது. மொத்த எண்ணிக்கை அட்டவணைகள் மட்டும்தான் கிடைக்கும்.

பீடி சுற்றுவது ஆண் வேலையா, பெண் வேலையா?

இரண்டும். கடையிலோ கொட்டகையிலோ வரிசையாக உட்கார்ந்து சுற்றியவர்களில் ஆண்கள் அதிகம். வீட்டுக்கு இலையும் தூளும் வாங்கி வந்து சுற்றியவர்களில் பெண்கள் அதிகம். வீட்டில் சுற்றினால் மகளும் கூட உட்காருவாள், மாமியார் நூல் கட்டுவார். கூலி ஒரு பெயரில், உழைப்பு மூன்று பேருடையது.

அந்த வேலையைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதல் நாள் இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார்கள். மறுநாள் தகரத்தில் வெட்டிய அளவை இலைமேல் வைத்து, நரம்பு குறுக்கே வராமல் கத்தரியால் நறுக்குவார்கள். மடியில் முறம், முறத்தின் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள். ஒரு சிட்டிகைத் தூளைப் பரப்பி, இரண்டு கை விரலாலும் ஒரே உருட்டு. அகன்ற முனையை நகத்தாலோ சிறு கம்பியாலோ மடக்கி, கூர் முனைப் பக்கம் நூலைச் சுற்றி அறுத்தால் ஒரு பீடி. கண் முறத்தில் இருக்காது, வாய் பக்கத்து வீட்டுக்காரியுடன் பேசிக்கொண்டிருக்கும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. ஏஜெண்ட் கட்டைப் பிரித்துப் பார்த்து ‘சொத்தை’ என்று சிலவற்றை ஒதுக்குவார். அவற்றுக்குக் கூலி கிடையாது, இலைக் கணக்கிலும் பிடித்தம் உண்டு. வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளர் என்று ஏற்ற பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966-ல்தான் வந்தது.

மீன் வியாபாரம்?

கடலுக்குப் போனது ஆண், கரைக்கு வந்த பிறகு பணமாக்கியது பெண். ராயபுரம், காசிமேடு கரையில் ஏலம் எடுத்து, கூறு பிரித்து, கூடையைத் தலையில் வைத்துப் புரசைவாக்கம் வரை நடந்தவர்கள் உண்டு. முதலுக்குத் தண்டல்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டுவார்கள். மழை பெய்து விற்பனை கெட்டாலும் தண்டல் நிற்காது. விலை பேசுவதிலும் மனக்கணக்கிலும் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனாலும் பல குடும்ப மரங்களில் தாத்தா ‘மீனவர்’, பாட்டி ‘இல்லத்தரசி’ என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கட்டட வேலையில் ஆண் பெண் இருவரும் இருந்தார்களே?

இருந்தார்கள், ஆனால் ஒரே ஏணியில் இல்லை. சிறுவனாகச் சேர்ந்த ஆண் கரண்டி பிடிக்கக் கற்றுக் கொத்தனாராகி, மேஸ்திரியாகவும் ஆகலாம். பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே ஓய்ந்தாள். முப்பது வருடம் கலவை சுமந்தவளுக்குச் சுவர் எழுப்பத் தெரியாது என்று நான் நம்பவில்லை. கரண்டியை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை.

ஒரே வேலைக்கு ஒரே கூலி கிடைத்ததா?

பெரும்பாலும் இல்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்பது 1950-லேயே அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவில் வழிகாட்டு நெறியாக இடம்பெற்றது. ஆனால் முதலாளியைக் கட்டுப்படுத்தும் சட்டமாக அது 1976-ல்தான் வந்தது. 1948-ஆம் வருடத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பட்டியலில் பீடி, கட்டட வேலை, கல் உடைத்தல், அரிசி ஆலை, தோல் பதனிடுதல் எல்லாம் இருந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி விகிதம் குறிப்பதை அந்தக் காலத்தில் யாரும் தவறாக எண்ணவில்லை.

பழைய கூலிக் கணக்குகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 1957 ஏப்ரல் 1-க்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 4 பைசா. அதற்குப் பிறகு ரூபாய்க்கு 100 நயா பைசா. இரண்டு பைசாவும் ஒன்றல்ல.

படித்த பெண்களுக்கு என்ன வேலை கிடைத்தது?

ஆசிரியை, நர்ஸ், டைப்பிஸ்ட், தொலைபேசி இணைப்பாளர். நான்கு வார்த்தையில் முடிந்துவிடும் அளவுக்கு வாசல் குறுகல். பெரம்பூர்ப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் தந்தையும் மகனும் ரயில்வேயிலும் மகள் தொலைபேசி நிலையத்திலோ ஆபீசிலோ இருப்பது வழக்கம். 1950-களில் தெருவுக்குத் தெரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வரத் தொடங்கி, லோயர், ஹையர் தேர்வு எழுதிய மற்ற வீட்டுப் பெண்களும் அந்த வாசலுக்குள் நுழைந்தார்கள்.

கல்யாணம் ஆனதும் வேலையை விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மேல்மட்டம் வரை இருந்தது. ஐ.ஏ.எஸ். விதிகளே, திருமணமான பெண்ணை ராஜினாமா செய்யச் சொல்ல அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தன. அந்த விதி 1970-களில்தான் நீங்கியது. நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அன்னா ராஜம் ஜார்ஜ் 1951-ல் அந்தப் பணிக்குத் தேர்வாகி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, அவரை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பவே முதலமைச்சராக இருந்த ராஜாஜி தயங்கினார். பின்னர் அவர் ஓசூரில் துணை ஆட்சியராகப் பொறுப்பேற்றார்.

தொழிலைச் சாதி தீர்மானித்ததா?

பெருமளவுக்கு ஆம். தெருக் கூட்டுவதும் கழிவு அகற்றுவதும் குறிப்பிட்ட தலித் சமூகங்களின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. அவர்களில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்கள் பல. வருத்தமான உண்மை ஒன்று: பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்த அபூர்வமான வேலைகளில் மாநகராட்சித் துப்புரவுப் பணியும் அடங்கும். நகரம் பெண்ணுக்கு நிரந்தர வேலை கொடுத்த இடம் அதன் கழிவு இருந்த இடம்.

ஆலை, ரயில்வே, துறைமுகம் மூன்றும் ஆதிதிராவிடர்களுக்குக் கிராமத்துப் பண்ணையடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் வழியாக இருந்தன. ஆனால் சாதி ஆலைக் கதவோடு நின்றுவிடவில்லை. 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களே சாதி வாரியாகப் பிளந்து புளியந்தோப்பில் மோதிக்கொண்டார்கள், உயிர்களும் போயின. 1950-களில் வாழ்ந்தவர்களுக்கு அது தாய் தந்தை சொல்லக் கேட்ட நினைவு.

பிள்ளைகளும் வேலை பார்த்தார்களா?

பார்த்தார்கள். 14 வயதுக்குக் கீழ் தொழிற்சாலையில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. வீட்டு முறத்துக்கும் டீக்கடைக்கும் அந்தச் சட்டம் எட்டவில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் வழக்கத்தைத் தடுக்க 1933-லேயே தனிச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடியோடு மறைந்துபோன வேலைகள் எவை?

டிராம் ஓட்டுநரும் கண்டக்டரும் முதலில். 1895-ல் தொடங்கிய சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. கை ரிக்ஷாவை 1973-ல் தமிழக அரசு ஒழித்தது. பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிவந்த படகுக்காரர்கள், ஜட்காக்காரர்கள், ஈயம் பூசுபவர்கள், எழுத்துக் கோப்பவர்கள் எல்லாரும் சத்தமில்லாமல் போனார்கள்.

பத்திரங்களில் தாத்தாவின் தொழில் ‘கூலி’ என்று மட்டும் இருக்கிறது. மேலே எப்படித் தேடுவது?

அது எழுதியவரின் அவசரத்தைக் காட்டுகிறதே தவிர, தாத்தாவின் வேலையைக் காட்டவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவருடைய பள்ளிப் பதிவேட்டையும் பாருங்கள். ஒருவர் பெயருக்கு நேரே ‘கூலி’, இன்னொருவருக்கு ‘மில்’, கடைசிப் பிள்ளைக்கு ‘ஃபிட்டர்’ என்று இருக்கலாம். கிறிஸ்தவக் குடும்பமென்றால் தேவாலயத் திருமணப் பதிவேடு உதவும். பழைய வைப்புநிதிச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, ரயில்வே பாஸ் எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாக்காளர் பட்டியலில் தொழில் இருக்காது, ஆனால் எந்தத் தெருவில் யார் யாரோடு குடியிருந்தார்கள் என்பது தெரியும்.

பாட்டியிடமே கேட்க முடியும். எப்படிக் கேட்பது?

“வேலை பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், யாருக்காக அவ்வளவு அரிசி ஊறப்போட்டீர்கள், தாத்தா வேலை கிடைக்காமல் மில்லிலிருந்து திரும்பிய நாளில் அடுப்பு எரிந்தது எப்படி, தாலியை எந்தச் சேட்டுக் கடையில் வைத்தீர்கள், மீட்ட காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

என் அத்தைப் பாட்டி ஒருவர் எண்பது வயதைத் தாண்டியவர். தான் எங்கேயும் வேலைக்குப் போனதில்லை என்று சத்தியம் செய்தார். பேச்சுவாக்கில், பீடி இலை வெட்டும் தகரம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. தரையில் விரலை வைத்து ஒரு பக்கம் அகன்று ஒரு பக்கம் குறுகிய ஒரு வடிவத்தை வரைந்தார். பிறகு, “இது சின்ன பீடிக்கு” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று வரைந்தார்.